வேறுபாட்டுப் பெருக்கியின் பின்னூட்டச் சுற்று ஆசிலேட் ஆகாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேறுபாட்டுப் பெருக்கி (இரு சிக்னல்களின் வேறுபாட்டை மட்டும் பெருக்கும் சுற்று) அமைப்பவர்கள் திரும்பத் திரும்ப எழுப்பும் ஐயங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வேறு சுற்று என்று சொல்லாத இடங்களில் எல்லாம் பேச்சு ஒரே சுற்றைப் பற்றியது: ஓர் ஆப்-ஆம்ப், நான்கு மின்தடைகள். முதல் சிக்னலிலிருந்து மைனஸ் உள்ளீட்டுக்கு ஆர்1, வெளியீட்டிலிருந்து மைனஸ் உள்ளீட்டுக்கு ஆர்2, இரண்டாம் சிக்னலிலிருந்து பிளஸ் உள்ளீட்டுக்கு ஆர்3, பிளஸ் உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஆர்4. ஆர்1-உம் ஆர்3-உம் சமம். ஆர்2-உம் ஆர்4-உம் சமம். ஆப்-ஆம்ப்பின் கெயின்-பேண்ட்விட்த், அதாவது அதன் சொந்தப் பெருக்கம் ஒன்றாகக் குறையும் அதிர்வெண், 10 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம்.

எதிர்மறைப் பின்னூட்டம் சுற்றை அடக்கி வைப்பதற்குத்தானே? பிறகு ஏன் என் பெருக்கி தானாகவே ஆசிலேட் ஆகிறது?

பின்னூட்டம் எதிர்மறையாக இருப்பது குறைந்த அதிர்வெண்களில் மட்டுமே உறுதி. ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து சிக்னலைத் தணிக்கத் தொடங்கும் அதிர்வெண்ணைத் துருவம் என்கிறோம். அந்த அதிர்வெண்ணில் சிக்னலின் கட்டம் 45 பாகை பின்தங்கும். அதற்கு வெகு மேலே ஏறத்தாழ 90 பாகை பின்தங்கும். ஆப்-ஆம்ப்புக்குள்ளேயே ஒரு துருவம் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கிறது. வெளியே நாம் அறிந்தோ அறியாமலோ இன்னொன்றைச் சேர்த்துவிட்டால் இரண்டின் தாமதமும் கூடி 180 பாகையை நெருங்கும். அந்த நிலையில் கழிக்கப்பட வேண்டிய சிக்னல் கூட்டப்படுகிறது.

அவ்வாறு கூட்டப்படும் அதிர்வெண்ணில், லூப்பை ஒரு முறை சுற்றி வந்த சிக்னல் தன் பழைய அளவுக்குக் குறையாமல் இருந்தால் அலைவு தானாகவே நிலைபெறும். ஹரால்டு பிளாக் 1927-இல் எதிர்மறைப் பின்னூட்டப் பெருக்கியைக் கண்டுபிடித்தார். ஹாரி நைக்விஸ்ட் 1932-இல் அது எப்போது அலைவுறும் என்பதற்கான கணித விதியை வெளியிட்டார். இரண்டும் பெல் ஆய்வகங்களில் நிகழ்ந்தவை. பின்னூட்டம் பயனுக்கு வந்த நாளிலிருந்தே இந்தச் சிக்கலும் கூடவே வந்திருக்கிறது.

என் சுற்றுக்கு இரண்டு உள்ளீடுகள் இருக்கின்றன. லூப் என்று எதைக் கணக்கில் எடுப்பது?

வெளியீட்டிலிருந்து ஆர்2 வழியாக மைனஸ் உள்ளீட்டுக்கு வந்து, ஆப்-ஆம்ப்பைக் கடந்து மீண்டும் வெளியீட்டை அடையும் பாதைதான் லூப். இரு சிக்னல் மூலங்களும் தாழ்ந்த மின்மறுப்புடன் கிரவுண்டைச் சார்ந்து இருந்தால், ஆர்3-உம் ஆர்4-உம் லூப்பில் இடம்பெறுவதில்லை. வெளியீட்டில் எத்தனை பங்கு மைனஸ் உள்ளீட்டுக்குத் திரும்புகிறது என்பதைப் பீட்டா என்கிறோம். இங்கே அது ஆர்1-ஐ ஆர்1, ஆர்2 ஆகியவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைக்கும் எண். அதன் தலைகீழ் மதிப்பே இரைச்சல் பெருக்கம். நிலைத்தன்மைக் கணக்கில் வருவது இந்த இரைச்சல் பெருக்கம்தான். சிக்னல் எத்தனை மடங்கு பெருகுகிறது என்பது அன்று.

நான்கு மின்தடைகளும் சமமாக இருக்கும் சுற்றில் சிக்னல் பெருக்கம் 1, ஆனால் இரைச்சல் பெருக்கம் 2. ஆகவே லூப் பெருக்கம் 10 மெகாஹெர்ட்ஸில் அல்ல, 5 மெகாஹெர்ட்ஸில் ஒன்றாகக் குறைகிறது. சிக்னலைப் பத்தில் ஒன்றாகத் தணிக்கும் சுற்றில் இரைச்சல் பெருக்கம் 1.1, அங்கே பின்னூட்டம் ஏறத்தாழ முழுமையானது, எனவே அலைவுறும் வாய்ப்பும் அதிகம். பெருக்கம் குறைவாக இருந்தால் சுற்று அமைதியாக இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

ஃபேஸ் மார்ஜின் எவ்வளவு இருந்தால் போதும்?

லூப் பெருக்கம் ஒன்றாகக் குறையும் அதிர்வெண்ணில், மொத்தத் தாமதம் 180 பாகையைத் தொட இன்னும் எத்தனை பாகை மீதமிருக்கிறது என்பதே ஃபேஸ் மார்ஜின். இரண்டு துருவங்கள் கொண்ட லூப்பில் 60 பாகை மீதமிருந்தால், படி வடிவச் சிக்னலுக்கு வெளியீடு இறுதி மதிப்பைச் சுமார் 9 சதவீதம் மீறிவிட்டு அடங்கும். 45 பாகையில் அந்த மீறல் ஏறத்தாழ 23 சதவீதம். 30 பாகையில் 40 சதவீதத்தைத் தாண்டும்.

மேசையில் 60 பாகையை இலக்காக வையுங்கள். பாகங்களின் மதிப்பு மாறுபாடும் வெப்பநிலையும் சுமையும் சேர்ந்து எஞ்சியதில் கொஞ்சம் தின்றாலும் 45-க்குக் கீழே போகாது. 45-ஐயே இலக்காக வைத்து வடிவமைப்பது, என் கருத்தில், சிக்கனம் அல்ல.

மல்டிமீட்டரில் வெளியீடு சில மில்லிவோல்ட் தள்ளி நிற்கிறது, மெல்ல நகரவும் செய்கிறது. இதுவும் நிலையின்மைதானா?

பெரும்பாலும் அது ஆப்செட் (சிக்னல் இல்லாதபோதும் வெளியீட்டில் நிற்கும் சிறு மின்னழுத்தம்), வெப்பநிலை நகர்வு ஆகியவற்றின் விளைவு. ஃபேஸ் மார்ஜினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் முடிவுக்கு வருமுன் ஆசிலோஸ்கோப்பை வைத்து ஒரு முறை பாருங்கள். பல மெகாஹெர்ட்ஸில் நிகழும் சிறிய அலைவை மல்டிமீட்டர் காட்டாது. அந்த அலைவு உள்ளே உள்ள டிரான்சிஸ்டர் சந்திகளில் சமச்சீரற்று நேராக்கப்படுவதால், காரணம் தெரியாத ஓர் ஆப்செட்டாக மட்டுமே வெளியே தெரியும். கையை அருகே கொண்டுபோனால் அளவு மாறுகிறதா, ஆப்-ஆம்ப் வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறதா என்பவை நல்ல தடயங்கள்.

மின்சாரம் மிச்சமாகட்டும் என்று நான்கு இடத்திலும் 100 கிலோ ஓம் போட்டேன். சதுர அலையின் விளிம்பில் நீண்ட நேரம் அதிர்வு வருகிறது, ஏன்?

மைனஸ் உள்ளீட்டு முனையில் ஆப்-ஆம்ப்பின் சொந்த மின்தேக்குத்திறனும் பலகையின் தடங்களும் சேர்ந்து 10 பிக்கோ ஃபாரட் வரை எளிதில் வந்துவிடும். அந்த முனையிலிருந்து பார்த்தால் ஆர்1-உம் ஆர்2-உம் இணையாக, 50 கிலோ ஓமாகத் தெரிகின்றன. இவ்விரண்டும் சேர்ந்து 318 கிலோஹெர்ட்ஸில் ஒரு துருவத்தை உண்டாக்குகின்றன. துருவம் லூப்பின் 5 மெகாஹெர்ட்ஸ் எல்லைக்கு (லூப் பெருக்கம் ஒன்றாகும் அதிர்வெண்ணுக்கு) மிகக் கீழே விழுவதால், லூப் பெருக்கம் இப்போது ஏறத்தாழ 1.24 மெகாஹெர்ட்ஸிலேயே ஒன்றாகிவிடுகிறது. அங்கே ஃபேஸ் மார்ஜின் 14 பாகை மட்டுமே எஞ்சுகிறது.

அதே சுற்றில் 10 கிலோ ஓம் போட்டால் துருவம் 3.18 மெகாஹெர்ட்ஸுக்கு நகர்ந்து, ஃபேஸ் மார்ஜின் சுமார் 43 பாகையாகிறது. 1 கிலோ ஓமில் 81 பாகை. ஆப்-ஆம்ப் மாறவில்லை, பெருக்கமும் மாறவில்லை. மின்தடைகளின் அளவு மட்டுமே மாறியிருக்கிறது. முதலில் தொட வேண்டியது இதைத்தான். சிக்னல் மூலத்தால் கொடுக்க முடிந்த மின்னோட்டமும் ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டுத் திறனும் அனுமதிக்கும் வரை மின்தடைகளைக் குறையுங்கள்.

ஆர்2-க்கு இணையாக ஒரு சிறு மின்தேக்கி போடச் சொல்கிறார்கள். எவ்வளவு போடுவது? ஒரு பக்கம் போட்டால் போதாதா?

உள்ளீட்டு மின்தேக்குத்திறனால் வரும் தாமதத்தை முழுமையாக ஈடுகட்ட, அதை ஆர்1-ஆல் பெருக்கி ஆர்2-ஆல் வகுத்தால் வரும் மதிப்பைப் போட வேண்டும். மின்தடைகள் சமமாக இருந்தால், 10 பிக்கோ ஃபாரடுக்கு 10 பிக்கோ ஃபாரட். அப்போது பீட்டா எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே மதிப்பில் நிற்கும். முந்தைய கேள்வியில் வந்த துருவம் மறைந்துவிடும். இதற்கு விலை பட்டை அகலம்: 100 கிலோ ஓமும் 10 பிக்கோ ஃபாரடும் சிக்னலை 159 கிலோஹெர்ட்ஸில் வெட்டிவிடும். அந்த இழப்பு ஒத்துவராவிட்டால் முதலில் மின்தடைகளைக் குறைத்துவிட்டு, பிறகு மின்தேக்கியைச் சேருங்கள். அப்போது ஈடுகட்டும் மதிப்பில் பாதிக்கும் குறைவானதே பெரும்பாலும் போதுமானதாக இருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் போட்டால் அலைவு அடங்கும். ஆனால் சுற்று வேறுபாட்டுப் பெருக்கியாக இருப்பதை அதிர்வெண் ஏற ஏற நிறுத்திவிடும். இரு உள்ளீடுகளிலும் பொதுவாக வரும் சிக்னல் ஒரு பாதையில் தணிந்தும் மறுபாதையில் தணியாமலும் போய், கழித்தல் முழுமையாவதில்லை. ஆகவே ஆர்2-க்கு இணையாக என்ன போடுகிறீர்களோ, அதையே ஆர்4-க்கும் இணையாகப் போடுங்கள். பிளஸ் முனையிலும் மைனஸ் முனையிலும் கிரவுண்டுக்கு உள்ள தவறிய மின்தேக்குத்திறன்களும் சமமாக இருந்தால், கணக்கு எல்லா அதிர்வெண்ணிலும் சரியாகப் பொருந்தும். எனவே பலகையில் இரு முனைகளின் தடங்களும் ஒரே நீளத்தில், ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும். 10 சதவீத மின்தேக்கிகளை இங்கே பயன்படுத்துவது 0.1 சதவீத மின்தடைகளுக்குக் கொடுத்த பணத்தை வீணாக்குவது.

வேகமான ஆப்-ஆம்ப் போட்டால் ஃபேஸ் மார்ஜின் கூடும் அல்லவா?

பெரும்பாலும் குறையும். 100 கிலோ ஓம் எடுத்துக்காட்டில் 10 மெகாஹெர்ட்ஸ் ஆப்-ஆம்ப்பை எடுத்துவிட்டு 100 மெகாஹெர்ட்ஸ் ஆப்-ஆம்ப்பைப் போட்டால், 318 கிலோஹெர்ட்ஸ் துருவம் அப்படியே இருக்க, லூப்பின் எல்லை மட்டும் 4 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது. ஃபேஸ் மார்ஜின் 14 பாகையிலிருந்து 5 பாகைக்கும் கீழே போய்விடும். வேலைக்குத் தேவையான வேகத்தைவிட அதிகமாக வாங்காதீர்கள்.

பலகை தனியாக இருக்கும்போது ஒழுங்காக வேலை செய்கிறது. வெளியீட்டில் நீண்ட கேபிளை மாட்டியதும் ஆசிலேட் ஆகிறது. என்ன செய்வது?

கேபிள் ஒரு மின்தேக்கிச் சுமை. வழக்கமான 50 ஓம் கோஆக்ஸியல் கேபிள் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோ ஃபாரட் கொண்டது. 10 மீட்டரில் 1 நானோ ஃபாரட் ஆகிவிடும். ஆப்-ஆம்ப்பின் திறந்த லூப் வெளியீட்டு மின்தடை 100 ஓம் என்றால், அதுவும் கேபிளும் சேர்ந்து 1.59 மெகாஹெர்ட்ஸில் துருவம் வைக்கின்றன. மின்தடைகள் எல்லாம் சமமான நம் சுற்றில், வேறு தவறிய மின்தேக்குத்திறன் இல்லை என்று வைத்தாலும், ஃபேஸ் மார்ஜின் 31 பாகைக்கு வந்துவிடுகிறது.

வெளியீட்டுக்கும் கேபிளுக்கும் இடையே 50 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக வைத்து, பின்னூட்டத்தை ஆப்-ஆம்ப்பின் காலிலிருந்தே எடுத்தால், உயர் அதிர்வெண்களில் கேபிளின் மின்தேக்குத்திறன் அந்த 50 ஓமுக்குப் பின்னால் ஒதுங்கிவிடும். துருவத்துக்கு எதிராகக் கட்டத்தை முன்னுக்குத் தள்ளும் ஒரு சுழியம் 3.18 மெகாஹெர்ட்ஸில் உருவாகி, ஃபேஸ் மார்ஜினை 61 பாகைக்கு உயர்த்துகிறது. ஒரே ஒரு மின்தடையால் இவ்வளவு மாற்றம் வருவது இந்தத் துறையில் அரிது.

குறை ஒன்று உண்டு. சுமை 1 கிலோ ஓம் என்றால் அந்த 50 ஓமில் ஏறத்தாழ 5 சதவீதம் இழக்கப்படும். இதைத் தாங்க முடியாத இடத்தில் ஆர்2-ஐத் தொடர் மின்தடைக்குப் பின்னிருந்து, அதாவது கேபிள் பக்கத்திலிருந்து எடுங்கள். ஆப்-ஆம்ப்பின் காலிலிருந்து மைனஸ் உள்ளீட்டுக்கு ஒரு சிறு மின்தேக்கியைத் தனியாகக் கொடுங்கள். குறைந்த அதிர்வெண்ணில் ஆர்2 பிழையைத் திருத்தும். உயர் அதிர்வெண்ணில் மின்தேக்கி லூப்பைக் கேபிளிடமிருந்து காக்கும். ஆனால் மேலே சொன்ன இருபக்கச் சமநிலை இங்கே எளிதில் கெடும் என்பதால், உயர் அதிர்வெண் பொதுச் சிக்னல் உள்ள இடத்தில் இதைத் தவிர்ப்பது நல்லது.

கரண்ட் ஃபீட்பேக் வகை ஆப்-ஆம்ப்புக்கும் இதே வைத்தியம்தானா?

இல்லை. மைனஸ் உள்ளீட்டில் மின்னழுத்தத்துக்குப் பதிலாக மின்னோட்டத்தைப் பின்னூட்டமாக வாங்கும் அந்த வகையில், லூப் பெருக்கத்தைத் தீர்மானிப்பது ஆர்2-இன் மதிப்பே. அதைத் தயாரிப்பாளர் சொன்ன மதிப்புக்குக் கீழே குறைத்தாலோ, அதற்கு இணையாக மின்தேக்கி போட்டாலோ ஃபேஸ் மார்ஜின் கரைந்துவிடும். கேபிளுக்கான தொடர் மின்தடை மட்டும் இங்கேயும் செல்லும்.

ஓபிஏ637 போன்றவை பெருக்கம் 5-க்கு மேல் மட்டுமே நிலையாக இருக்கும் என்று தரவுத்தாளில் உள்ளது. பெருக்கம் 1 உள்ள வேறுபாட்டுப் பெருக்கியில் அதைப் பயன்படுத்தவே முடியாதா?

தரவுத்தாளில் உள்ள 5 என்பது இரைச்சல் பெருக்கம். அதன் உடன்பிறப்பான ஓபிஏ627 பெருக்கம் 1-இலும் நிலையானது. 637-இல் உள்ளமைந்த ஈடுகட்டல் (அலைவைத் தடுக்க வேண்டுமென்றே வைத்த துருவம்) குறைவு, அதனால் வேகம் அதிகம். நம் சுற்றின் இரைச்சல் பெருக்கம் 2 மட்டுமே என்பதால் அப்படியே போட்டால் அலைவுறும். ஆனால் சிக்னல் பெருக்கத்தைத் தொடாமல் இரைச்சல் பெருக்கத்தை மட்டும் உயர்த்த முடியும்: பிளஸ், மைனஸ் உள்ளீடுகளுக்கு நடுவே ஒரு மின்தடையை வையுங்கள். நான்கும் 10 கிலோ ஓமாக உள்ள சுற்றில், குறுக்கே 5.6 கிலோ ஓம் வைத்தால் இரைச்சல் பெருக்கம் 2-இலிருந்து ஏறத்தாழ 5.6-க்கு உயரும். இரு உள்ளீடுகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் சிக்னலுக்கு அந்த மின்தடை இருப்பதே தெரியாது.

ஆப்-ஆம்ப்பின் சொந்த இரைச்சலும் ஆப்செட்டும் அதே விகிதத்தில் பெருகும் என்பது இதன் விலை. மின்தடையுடன் ஒரு மின்தேக்கியைத் தொடராக வைத்தால் நேர்மின்னோட்ட ஆப்செட் பெருகாது; லூப்பின் எல்லைக்கு வெகு கீழே அந்த மின்தேக்கி குறுக்கிணைப்பாகிவிடும்படி அதன் மதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. ஆர்1, ஆர்2 விகிதத்தைக் கொண்டே பெருக்கம் 10 அமைத்து, இரைச்சல் பெருக்கம் 11 என்று நிம்மதியாக இருப்பவர்கள், உள்ளீட்டுக் கேபிளைக் கழற்றினால் என்ன ஆகும் என்று பார்ப்பதில்லை. ஆர்1-இன் மறுமுனை காற்றில் நின்றால் பீட்டா 1 ஆகிவிடும். இரைச்சல் பெருக்கமும் 1. கேபிள் கழன்ற நொடியில் ஓபிஏ637 அலைவுறத் தொடங்கும். இணைப்பான் வழியாக உள்ளீடு வரும் கருவியில், இணைப்பானின் உட்பக்கத்திலேயே இரு சிக்னல் கம்பிகளுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மின்தடைகள் இருக்க வேண்டும்.

ஆப்-ஆம்ப் இல்லாமல் டிரான்சிஸ்டர் ஜோடியைக் கொண்டே பெருக்கி செய்கிறேன். எமிட்டர்களில் 100 ஓம் போடச் சொல்வது ஏன்?

ஆப்-ஆம்ப் இல்லாத சுற்றில் ஈடுகட்டல் மின்தேக்கியை நீங்களே வைக்க வேண்டும். 1965-இல் வந்த 709 என்ற ஆப்-ஆம்ப்புக்கு அதைப் பயன்படுத்துபவரே வெளியே இணைக்க வேண்டியிருந்தது. 1968-இல் வந்த 741 ஏறத்தாழ 30 பிக்கோ ஃபாரடைச் சில்லுக்குள்ளேயே அடக்கிக்கொண்டது. உங்கள் சுற்றில் அந்த மின்தேக்கி இரண்டாம் நிலை டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் கலெக்டருக்கும் இடையே அமரும். பெருக்கம் ஒன்றாகக் குறையும் அதிர்வெண், உள்ளீட்டு ஜோடியின் கடத்துதிறனை அந்த மின்தேக்கியாலும் இரண்டு பையாலும் வகுத்தால் கிடைப்பது.

ஒவ்வொரு டிரான்சிஸ்டரிலும் 1 மில்லி ஆம்பியர் ஓடுகிறது, கலெக்டர்களில் மின்னோட்டக் கண்ணாடி இருக்கிறது என்று கொள்வோம். எமிட்டரின் உள்மின்தடை 26 ஓம். கடத்துதிறன் சுமார் 38 மில்லி சீமன்ஸ். அந்த அதிர்வெண்ணை 20 மெகாஹெர்ட்ஸாக வைக்க 306 பிக்கோ ஃபாரட் தேவைப்படும். இரண்டு எமிட்டர்களிலும் 100 ஓம் வைத்தால் கடத்துதிறன் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகி, 63 பிக்கோ ஃபாரட் போதும். ஃபேஸ் மார்ஜின் இரண்டிலும் ஒன்றே. ஆனால் ஜோடிக்குப் பொதுவான 2 மில்லி ஆம்பியர் வால் மின்னோட்டம் 306 பிக்கோ ஃபாரடை மைக்ரோ விநாடிக்கு 6.5 வோல்ட் வேகத்தில்தான் ஏற்ற முடியும். 63 பிக்கோ ஃபாரடை 31 வோல்டுக்கு மேல் ஏற்றும். எமிட்டர் மின்தடை தருவது நிலைத்தன்மையை மட்டுமல்ல, அதை வேகம் இழக்காமல் தருகிறது. உள்ளீட்டு இரைச்சல் சற்றுக் கூடும். நுண்ணிய சிக்னலுக்கான முன்பெருக்கியில் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிமுலேஷனில் 65 பாகை வருகிறது. பலகையில் அலைவுறுகிறது. எதை நம்புவது?

பலகையை நம்புங்கள். சிமுலேஷன் நீங்கள் வரைந்த பாகங்களை மட்டுமே அறியும். மைனஸ் முனையின் தவறிய மின்தேக்குத்திறன், மின்வழங்கல் கம்பிகளின் தூண்டல், நீங்கள் அளக்க வைத்த புரோப் ஆகிய மூன்றையும் வரைபடத்தில் சேர்த்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். பெரும்பாலான முரண்கள் அங்கேயே தீர்ந்துவிடும். புரோப்பை 1 மடங்கில் வைத்தால் அது 100 பிக்கோ ஃபாரட் அளவுக்குச் சுமையாகும்; 10 மடங்கில் 10 முதல் 15 வரை. மைனஸ் முனையை நேரடியாகப் புரோப்பால் தொட்டு அலைவைத் தேடுவது, அலைவை உண்டாக்கிவிட்டுத் தேடுவதாகும். எப்போதும் வெளியீட்டில் பாருங்கள்.

மின்வழங்கல் கால்கள் ஒவ்வொன்றிலிருந்தும் 0.1 மைக்ரோ ஃபாரட் பீங்கான் மின்தேக்கி சில மில்லிமீட்டருக்குள் கிரவுண்டை அடைய வேண்டும். மைனஸ் முனைக்கு அடியில் உள்ள கிரவுண்ட் தளத்தை வெட்டிவிடுங்கள். பிளஸ் முனைக்கு அடியிலும் அதே அளவு வெட்டுங்கள். பிரெட்போர்டின் அடுத்தடுத்த வரிசைகளுக்கு இடையே சில பிக்கோ ஃபாரட் இருப்பதால், 10 மெகாஹெர்ட்ஸ் ஆப்-ஆம்ப் சுற்றின் நிலைத்தன்மையை அதில் சோதித்து முடிவெடுப்பதில் பொருளில்லை.

ஃபேஸ் மார்ஜினை நேரடியாக அளப்பது எப்படி? லூப்பை வெட்டினால் வெளியீடு ஒரு பக்கம் போய் ஒட்டிக்கொள்கிறதே?

வெட்ட வேண்டியதில்லை. எளிய வழி, 50 முதல் 100 மில்லிவோல்ட் சதுர அலையைக் கொடுத்து மீறல் சதவீதத்தைப் பார்ப்பது. மூன்றாம் கேள்வியின் எண்களோடு ஒப்பிட்டால் ஃபேஸ் மார்ஜின் தோராயமாகத் தெரியும். சிக்னல் பெரிதாக இருந்தால் ஆப்-ஆம்ப்பின் ஏறுவேக வரம்பு (வெளியீடு மாறக்கூடிய அதிகபட்ச வேகம்) மீறலை மறைத்துவிடும். ஆர்2, ஆர்4 ஆகியவற்றுக்கு இணையாக மின்தேக்கி உள்ள சுற்றில் அந்த வடிகட்டலும் மீறலை மறைக்கும். அங்கே அமைதியான சதுர அலை எதையும் நிறுவுவதில்லை.

துல்லியம் வேண்டுமென்றால், லூப்பில் ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டுக்கும் ஆர்2-க்கும் இடையே ஒரு சிறிய மின்தடையை வைத்து, அதன் குறுக்கே மின்மாற்றி வழியாகச் சோதனைச் சிக்னலைச் செலுத்துங்கள். மின்தடையின் இருபுறமும் உள்ள மின்னழுத்தங்களின் விகிதமே லூப் பெருக்கம். லூப் மூடியே இருப்பதால் வெளியீடு எங்கும் ஒட்டிக்கொள்ளாது. மிடில்புரூக் 1975-இல் விளக்கிய முறை இது. செலுத்தும் இடத்தில் ஒருபுறம் தாழ்ந்த மின்மறுப்பும் மறுபுறம் உயர்ந்த மின்மறுப்பும் இருந்தால் மட்டுமே மின்னழுத்த விகிதம் போதுமானது. ஆப்-ஆம்ப் வெளியீடு அந்த நிபந்தனைக்கு நன்றாகப் பொருந்துகிறது.

மூன்று ஆப்-ஆம்ப் கொண்ட இன்ஸ்ட்ருமென்டேஷன் பெருக்கியில் முதல் நிலையின் பெருக்கம் 100. அங்கே ஓபிஏ637 போடலாம்தானே?

போடக் கூடாது. இரு உள்ளீட்டு ஆப்-ஆம்ப்களும் ஒரு பெருக்க மின்தடை வழியாக இணைந்திருக்கின்றன. வெளியீடுகள் எதிரெதிராக நகரும்போது அந்த மின்தடையின் நடுப்புள்ளி அசையாமல் நிற்பதால் இரைச்சல் பெருக்கம் 100. ஆனால் இரண்டும் ஒரே திசையில் சேர்ந்து நகரும்போது பெருக்க மின்தடையில் மின்னோட்டமே ஓடாது. ஒவ்வொரு ஆப்-ஆம்ப்பும் வெறும் பின்தொடரியாகி, பீட்டா 1 ஆகிவிடுகிறது. கேபிள் கழன்ற எடுத்துக்காட்டின் அதே நிலை இது. கேபிள் மாட்டியிருக்கும்போதே எப்போதும் உள்ளே இருப்பதுதான் வேறுபாடு. இரு வெளியீடுகளும் ஒன்றாக அலைவுறும். மூன்றாம் ஆப்-ஆம்ப் அவற்றைக் கழித்துவிடுவதால், இறுதி வெளியீட்டில் அலைவு மிகச் சிறியதாகவோ தெரியாமலோ போகும். முதல் நிலைக்கு, பெருக்கம் 1-இல் நிலையான ஆப்-ஆம்ப்தான் வேண்டும்.

முழு வேறுபாட்டு வகைப் பெருக்கியில், இரு வெளியீடுகளுக்கும் நடுவே பார்த்தால் அலை சுத்தமாக இருக்கிறது. ஒவ்வொன்றையும் கிரவுண்டைச் சார்ந்து பார்த்தால் அதிர்வு தெரிகிறது. இது எப்படி?

இரண்டு வெளியீடுகள் உள்ள பெருக்கியில் இரண்டு லூப்கள் உள்ளன. ஒன்று வெளியீடுகளின் வேறுபாட்டைக் கட்டுப்படுத்துகிறது. அதற்கு வெளியே நீங்கள் வைக்கும் மின்தடைகள் பொறுப்பு. மற்றொன்று அவற்றின் சராசரியைக் கட்டுப்படுத்துகிறது. அது சில்லுக்குள் இருக்கிறது, ஆனால் சுமை உங்களுடையது. முந்தைய பதிலில் கண்டதுபோலவே, கழித்துப் பார்க்கும்போது சராசரியின் அதிர்வு மறைந்துவிடுகிறது.

வெளியீடுகளுக்கு நடுவே வைக்கப்படும் மின்தேக்கி, வேறுபாட்டு லூப்புக்கு ஒவ்வொரு வெளியீட்டிலும் இரு மடங்கு மின்தேக்கியாகத் தெரியும். சராசரி லூப்புக்கு அது தெரியவே தெரியாது. கிரவுண்டுக்குச் செல்லும் மின்தேக்கிகள் இரண்டுக்கும் தெரியும். ஆகவே அனலாக்-டிஜிட்டல் மாற்றிக்கு முன்னால் வடிகட்டி அமைக்கும்போது, மின்தேக்குத்திறனின் பெரும்பகுதியை வெளியீடுகளுக்கு நடுவே வைத்து, கிரவுண்டுக்குச் சிறியவற்றை மட்டும் விடுங்கள். இரு வெளியீடுகளிலும் சமமான தொடர் மின்தடைகளை வையுங்கள். சோதிக்க, வெளியீட்டுச் சராசரியை அமைக்கும் காலில் சிறிய சதுர அலையைக் கொடுத்து, ஒரு வெளியீட்டைத் தனியாகப் பாருங்கள். அந்தச் சோதனையைச் செய்பவர் குறைவு.

அளந்தால் ஃபேஸ் மார்ஜின் 55 பாகை. ஆனால் மின்சாரம் போடும்போது சில நேரம் அலைவு பிடித்துக்கொள்கிறது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. எங்கே தேடுவது?

வேறுபாட்டுப் பெருக்கிக்குப் பின்னால் இன்னொரு ஆப்-ஆம்ப்பையோ தொகையிடும் நிலையையோ (இன்டிகிரேட்டரையோ) அதே லூப்புக்குள் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படிப்பட்ட லூப்பில், எல்லை அதிர்வெண்ணில் 55 பாகை இருந்தாலும், அதற்குக் கீழே பெருக்கம் இன்னும் அதிகமாக உள்ள ஓர் இடத்தில் தாமதம் 180 பாகையைத் தாண்டியிருக்கக்கூடும். அது தவறில்லை, பெருக்கம் முழுமையாக இருக்கும்வரை நைக்விஸ்ட் விதிப்படி அந்தச் சுற்று நிலையானதே. ஆனால் மின்சாரம் போடும் நேரத்தில் வெளியீடு எல்லையில் முட்டிக்கொண்டால், சராசரியான பெருக்கம் குறைந்து, லூப்பின் எல்லை அந்த மோசமான அதிர்வெண்ணுக்கு இறங்கிவிடும். அங்கே பிடித்துக்கொண்ட அலைவு வெளியீட்டை மீண்டும் மீண்டும் எல்லையில் முட்டவைத்துத் தன்னைத் தானே தக்கவைத்துக்கொள்கிறது.

சிறு சிக்னல் அளவீடு எதுவும் இதைக் காட்டாது. வெளியீடு இரு எல்லைகளையும் தொடும் அளவுக்குப் பெரிய துடிப்பைக் கொடுத்து, அதிலிருந்து மீண்டு வரும் விதத்தைப் பாருங்கள். வழங்கலை மெதுவாகவும் வேகமாகவும் ஏற்றிப் பாருங்கள். தொகையிடும் மின்தேக்கியின் குறுக்கே இரண்டு ஜீனர்களை எதிரெதிராக வைத்து அந்த நிலை எல்லையில் முட்டாமல் தடுப்பது ஒரு தீர்வு. லூப்பின் எல்லைக்குக் கீழே எங்கும் தாமதம் 180 பாகையைத் தாண்டாதபடி இரண்டாம் நிலைக்குத் தொடர் மின்தடை ஒன்றைக் கொடுத்து, அதன் தொகையிடலை முன்கூட்டியே முடித்துவிடுவது மற்றொன்று. குறைந்த அதிர்வெண்ணில் பின்னூட்டத்தின் அளவு கொஞ்சம் குறையும். நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன், ஏனெனில் ஜீனரின் கசிவு மின்னோட்டம் வெப்பநிலையோடு ஏறி, நான்காம் கேள்வியில் சொன்ன நகர்வாக வெளிப்படும்.